பாதிக் கச்சேரியில் எழுந்து போனவர்கள்

எம்.கே. தியாகராஜ பாகவதரை நேரில் பார்த்து, அவர் பாடக் கேட்டவர்கள் இன்று நம்மிடையே எத்தனை பேர் இருப்பார்கள்? பாகவதர் மறைந்தது 1959-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி. அன்று பத்து வயதுப் பையனாக இருந்தவருக்குக்கூட இன்று எழுபத்தைந்து தாண்டிவிட்டது. அந்தக் கூட்டம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது.

ஆனால் பாகவதரைப் பற்றிய கதைகள் மட்டும் குறையவில்லை. கல்யாணப் பந்தியிலே, டீக்கடை பெஞ்சிலே, ரயில் பயணத்திலே யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். "தங்கத் தட்டிலே சாப்பிட்டாராம். போகிற ரயிலை ஜனங்கள் மறித்து நிறுத்திப் பார்த்தார்களாம். அப்பேர்ப்பட்டவர் ஜெயிலுக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒன்றுமே மிஞ்சவில்லை!" என்று முடிப்பார். கேட்டவர்கள் எல்லோரும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சில் அனுதாபம் எத்தனை பங்கு, 'உயரப் போனவன் விழத்தான் செய்வான்' என்ற உள்ளூரத் திருப்தி எத்தனை பங்கு என்பதை அவரவர் மனத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு இந்தக் கதையில் வெகு நாளாகவே ஒரு சந்தேகம். 'வீழ்ந்தார், வீழ்ந்தார்' என்கிறோமே, யாருக்கு வீழ்ந்தார்? சினிமா வியாபாரத்துக்கு வீழ்ந்தார், சரி. அவர் எதிரே தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து கேட்டவர்களுக்கும் வீழ்ந்தாரா?

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நான் வெளியில் அலையவில்லை. எங்கள் குடும்பத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறார். அவர் என் அப்புச்சி. வயது எண்பத்து மூன்று. பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் இடையில் ஒரு சிற்றூரில் தென்னந்தோப்பும் தாமுமாக இருக்கிறார். பாகவதர் பொள்ளாச்சியில் பாடிய கடைசிக் காலக் கச்சேரிக்குப் போனவர் அவர். போனவர் என்று சொன்னேனே தவிர, முழுவதும் கேட்டவர் என்று சொல்லவில்லை. அதில்தான் விஷயம் இருக்கிறது.

பொள்ளாச்சிக் கச்சேரி

1959-ஆம் ஆண்டு, தீபாவளிக்குச் சில வாரங்கள் முந்தி. பொள்ளாச்சியில் பாகவதர் கச்சேரி என்று செய்தி பரவியது. அப்புச்சியின் தகப்பனார் பாகவதர் பக்தர். 'சிவகவி'யையும் 'ஹரிதாஸ்' படத்தையும் எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது.

"அப்ப எனக்குப் பதினேழு வயசு கண்ணு. எனக்கு எம்.ஜி.ஆருன்னா உசுரு. பாகவதரு பாட்டெல்லாம் என்ற அய்யன் காலத்துப் பாட்டுன்னு நெனப்பு. அய்யன் பொழுதோட வண்டியப் பூட்டச் சொல்லிப்போட்டாரு. மாட்டைப் பாத்துக்க ஆள் வேணுமேன்னு என்னையும் கூட்டிட்டுப் போனாரு. பாட்டுக் கேக்கவா நான் போனேன்? கச்சேரி பாதி ஆனதும் நழுவி ரெண்டாவது ஆட்டத்துக்குப் போயிரலாம்னு நானும் என்ற சேக்காளியும் முன்னாலயே பேசி வெச்சிருந்தோம்" என்றார் அப்புச்சி.

படங்களில் பார்த்த பாகவதர் தோள் வரை புரளும் கேசமும், காதில் கடுக்கனும், பட்டும் ஜரிகையுமாக ஜொலிப்பவர். அவர் தலைமுடியைப் பார்த்து 'பாகவதர் கிராப்' வைத்துக்கொள்ளாத வாலிபர் அந்த நாளில் ஊருக்கு ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். அன்று மேடைக்கு வந்தவரோ வேறு ஆளாகத் தெரிந்தாராம். உடம்பு மெலிந்திருந்தது. பார்வை மங்கியிருந்ததால் ஒருவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். "பாத்தா நம்ம ஊட்டுப் பெரியவியளாட்டம் இருந்தாங்க. கூட்டத்துல பொம்பளையெல்லாம் 'ஐயோ சாமி'ன்னாங்க" என்று சொல்லும்போது, அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அப்புச்சியின் குரல் இறங்கிப்போகிறது.

முதல் இரண்டு உருப்படிகளில் குரல் சற்றுக் கரகரத்தது. பின்வரிசையில் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது உருப்படியில் அவர் மேல் ஸ்தாயிக்குப் போனார். "மணியடிச்ச மாதிரி நின்னுச்சு கண்ணு. வண்டி மாடுக கூடக் காதைத் தூக்கிப் பாத்துச்சுங்க" என்றார். மாட்டைப் பற்றிய விவரத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். மணியைப் பற்றியதை நான் நம்புகிறேன்.

"அப்புறம் என்னாச்சுங்க அப்புச்சி?"

"அப்புறம் என்ன? மணி ஒம்பது தாண்டிருச்சு. சேக்காளி இடிச்சான். எந்திரிச்சுப் போயிட்டோம்."

பாகவதர் கர்நாடக உருப்படிகளை முடித்துக்கொண்டு துக்கடாக்களுக்கு வந்தது அதற்குப் பிறகுதானாம். ஜனங்கள் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினார்கள். 'அம்பிகாபதி', 'சிவகவி', 'ஹரிதாஸ்' என்று கேட்கக் கேட்கப் பாடினார். மங்களம் பாடும் வரையில் அப்புச்சியின் தகப்பனார் நகரவில்லை. இதெல்லாம் மறு நாள் வெடியால மற்றவர்கள் சொல்லித்தான் அப்புச்சிக்குத் தெரியும். எந்தப் பாட்டுகளுக்காக ஒரு நாடே மயங்கிக் கிடந்ததோ, அந்தப் பாட்டுகள் ஒலித்த நேரத்தில் அவர் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து எம்.ஜி.ஆரின் கத்திச் சண்டைக்கு விசிலடித்துக்கொண்டிருந்தார்.

தீபாவளி கழிந்த ஓரிரு நாளில், சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் பாகவதர் காலமானார் என்ற செய்தி வந்தது. வயது நாற்பத்தொன்பதுதான்! டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்கக் கேட்டுவிட்டு அப்புச்சி வீட்டுக்கு ஓடினார். அவருடைய தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "எறங்கு வெயில்லதான்டா காத்து நல்லா வரும். நீ உச்சி வெயிலத்தான் வெயிலுங்கறே" என்று மட்டும் சொன்னாராம்.

நம் ஊரில் எழுந்த குரல்

பாகவதர் பிறந்தது மாயவரம். வளர்ந்ததும் புகழடைந்ததும் திருச்சி. பொற்கொல்லர் குடும்பத்துப் பிள்ளை. சிறு வயதிலேயே நாடக மேடை ஏறியவர். 1934-இல் 'பவளக்கொடி' மூலம் சினிமாவுக்கு வந்தார். இந்த விவரங்கள் பலருக்கும் தெரியும். ஆனால் அவருடைய புகழின் உச்சி நம் கோயமுத்தூரில் கட்டப்பட்டது என்பதை நம்மவர்களே மறந்துவிட்டார்கள்.

1943-இல் வெளிவந்த 'சிவகவி'யும், 1944-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' படமும் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவானவை. 'சிவகவி'யை எடுத்தவர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு. பிற்காலத்தில் பட்சிராஜா ஸ்டூடியோவை நடத்திய அதே நாயுடுதான். 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. முதல் தீபாவளிக்கு மத்தாப்புக் கொளுத்திய குழந்தை, அந்தப் படம் எடுக்கப்படுவதற்குள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கும்!

அந்த ஸ்டூடியோக்கள் இன்று இல்லை. திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர் வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிறோம். அந்தப் பக்கத்தில்தான் பாபநாசம் சிவன் எழுதிய பாட்டுகளை ஜி. ராமநாதன் இசையமைப்பில் ஒரு மனிதர் பாடினார், அந்தக் குரல் இலங்கை வரைக்கும், மலேயா வரைக்கும் போயிற்று என்று பக்கத்தில் நிற்கும் கல்லூரி மாணவனிடம் சொன்னால், "அப்படியா சார்?" என்கிறான். அவன் மேல் தப்பில்லை. அவனுக்கு நாம் தங்கத் தட்டைப் பற்றி மட்டும்தானே சொன்னோம்?

முப்பது மாதம்

இனி அந்த வழக்கு. 'சினிமா தூது', 'இந்து நேசன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தியவர் லட்சுமிகாந்தன். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்தவர். 1944 நவம்பர் 8-ஆம் தேதி சென்னை வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு, மறு நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். 'ஹரிதாஸ்' வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொலைக்குச் சதி செய்ததாகப் பாகவதர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய மூவரும் கைது செய்யப்பட்டார்கள்.

1945 மே மாதம் தீர்ப்பு வந்தது. நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் தீவாந்தர ஆயுள் தண்டனை. சென்னை ஹைகோர்ட்டில் அப்பீல் தள்ளுபடியாயிற்று. பிறகு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனார்கள். அங்கே அந்தத் தீர்ப்பு ரத்தாகி, அப்பீலை மறுபடி விசாரிக்கும்படி உத்தரவாயிற்று. 1947 ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட் இருவரையும் நிரபராதிகள் என்று விடுதலை செய்தது. ஏறக்குறைய முப்பது மாதங்கள் சிறையில் கழிந்திருந்தன.

நிரபராதி! இந்தச் சொல்லை நாம் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? 'கொலைக் கேஸில் உள்ளே போனவர்' என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. 'குற்றமற்றவர் என்று கோர்ட் சொல்லி வெளியே வந்தவர்' என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. கைது என்ற செய்தி தம்பட்டம் அடித்துக்கொண்டு வருகிறது. விடுதலை என்ற செய்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வருகிறது. அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

மூவரின் கதை

'ஜெயிலுக்குப் போனதால்தான் பாகவதர் விழுந்தார்' என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதே வழக்கில் கூட இருந்த மற்ற இருவரையும் பாருங்கள்.

கலைவாணர் பாகவதருடன் சேர்ந்து சிறைக்குப் போனவர், சேர்ந்தே வெளியே வந்தவர். அவரை ஜனங்கள் இரு கைகளையும் நீட்டி வரவேற்றார்கள். 'நல்லதம்பி' 1949-இல் வந்தது. 'மணமகள்' 1951-இல் வந்தது. அதை அவரே டைரக்ட் செய்தார். 1957-இல் அவர் மறையும் வரையில் அவரை யாரும் ஜெயிலுக்குப் போனவர் என்று ஒதுக்கவில்லை.

ஸ்ரீராமுலு நாயுடுவோ கோவையிலிருந்தே 1954-இல் 'மலைக்கள்ளன்' எடுத்தார். நாமக்கல் கவிஞரின் நாவல், கருணாநிதியின் வசனம், எம்.ஜி.ஆர்., பானுமதி நடிப்பு. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது.

ஆகவே, வழக்கு ஒன்றே காரணமாக இருந்தால் மூவருமல்லவா விழுந்திருக்க வேண்டும்? பாகவதருடைய படங்கள் மட்டும் ஓடாமல் போனதற்கு என்ன காரணம்?

பாகவதர் சிறையிலிருந்த காலத்திலும் அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலும் தமிழ் சினிமாவே புரண்டு படுத்துவிட்டது. முன்பெல்லாம் கதாநாயகன் என்றால் அவனே பாட வேண்டும். பாட்டுக்கு நடுவே கதை நடக்கும். பிறகு பின்னணி பாடும் முறை நிலைத்தது. முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்று ஆயிற்று. பாட்டு இருந்த ஆசனத்தில் வசனம் வந்து உட்கார்ந்தது. 1949-இல் அண்ணாதுரையின் 'வேலைக்காரி'. 1952-இல் 'பராசக்தி'. அதே 1952-இல்தான் பாகவதரின் 'அமரகவி'யும் 'சியாமளா'வும் வந்தன. ஜனங்கள் எங்கே போனார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாகவதரைப் போலவே பாடிப் பழகிய மதுரை வாலிபர் டி.எம். சௌந்தரராஜன். 1950-இல் வெளிவந்த 'கிருஷ்ண விஜயம்' அவர் முதன்முதலில் பாடிய படம். 'மலைக்கள்ள'னில் எம்.ஜி.ஆருக்காகப் பாடியவரும் அவரே. பாகவதர் பாணியைக் கேட்டு வளர்ந்த ஒரு தொண்டை புதிய கதாநாயகனுக்குக் குரல் கொடுக்கத் தொடங்கிவிட்டது. அந்தப் புதிய கதாநாயகனும் புதியவரல்ல. 1941-இல் பாகவதரின் 'அசோக்குமார்' படத்தில் சிறு வேடத்தில் நின்றவர்தான் எம்.ஜி.ஆர். அன்றிரவு பொள்ளாச்சியில் என் அப்புச்சி ஒரு மேடையை விட்டு எழுந்து வேறொரு கொட்டகைக்குப் போனாரே, அதைத்தான் தமிழ்நாடு முழுவதும் பத்து வருஷங்களாகச் செய்துகொண்டிருந்தது!

எனவே, பாகவதரை விதி வீழ்த்திற்று, ஜெயில் வீழ்த்திற்று, கர்வம் வீழ்த்திற்று என்றெல்லாம் கதை கட்ட வேண்டாம். ரசனை மாறிற்று. நாம் எழுந்து போனோம். அவ்வளவுதான். எழுந்து போனது குற்றமென்று நான் சொல்லவில்லை. காலம் மாறினால் ரசனை மாறத்தான் செய்யும். 'பராசக்தி'யைப் பார்க்க ஓடியவர்கள் ஓடாமல் இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு சொல்வது அசட்டுத்தனம். ஆனால், எழுந்து போனவர்கள் நாமாக இருந்துவிட்டு, 'ஐயோ, அவர் விழுந்துவிட்டாரே' என்று பெருமூச்சு விடுகிறோமே, அதைத்தான் சகிக்க முடியவில்லை.

அமெரிக்காவில் ஒரு பாடகி

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. அதே காலத்தில் அமெரிக்காவில் பில்லி ஹாலிடே என்றொரு நீக்ரோ பாடகி இருந்தார். இப்படித்தான் அந்த நாள் பத்திரிகைகள் எழுதும். கறுப்பினப் பெண்மணி என்பது இன்றைய மரியாதை. ஜாஸ் சங்கீதத்தில் நிகரற்றவர். போதை மருந்து வழக்கில் 1947-இல் சிறை சென்றார். 1948 மார்ச் மாதம் விடுதலையாகிச் சில நாட்களிலேயே நியூயார்க் கார்னகி மண்டபத்தில் பாடினார். மண்டபம் நிரம்பி வழிந்தது. ஆனால் மதுபானம் விற்கும் இரவு விடுதிகளில் பாடுவதற்கு வேண்டிய போலீஸ் அனுமதிச் சீட்டு அவருக்கு மறுக்கப்பட்டது. ஜாஸ் பாடகர்களுக்கு அந்த விடுதிகளே அன்றாடப் பிழைப்பு. பெரிய மண்டபத்தில் பாடலாம், சிறிய விடுதியில் பாடக் கூடாது என்ற விசித்திரம்! குரல் தேய்ந்துகொண்டே வந்தது. 1959 ஜூலை 17-ஆம் தேதி, நாற்பத்து நான்காவது வயதில் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

1959! பாகவதர் போவதற்கு மூன்றரை மாதம் முந்தி. இருவருடைய வழக்குகளும் ஒன்றல்ல. அந்த அம்மையார் மேலிருந்தது அவர் ஒப்புக்கொண்ட குற்றம், பாகவதரோ நிரபராதி. ஆனால், பில்லி ஹாலிடேயின் கடைசிக் கால இசைத் தட்டுகளை, கீறல் விழுந்த குரலோடு அவர் பாடியவற்றை, அந்த நாட்டு ரசிகர்கள் இன்றும் தேடிக் கேட்கிறார்கள். இளமைக் குரலைவிட அதில்தான் ஜீவன் அதிகம் என்று வாதாடுகிறவர்கள்கூட உண்டு. அவர்கள் அந்தப் பாடகியின் துன்பத்தை மட்டும் கதையாகச் சொல்லிவிட்டு நிற்கவில்லை. துன்பத்துக்குப் பிறகும் வந்த பாட்டையும் கேட்டார்கள்.

நாம் பாகவதர் விஷயத்தில் என்ன செய்தோம்? அவர் நடித்த படங்கள் மொத்தம் பதினான்கு. சிறைக்கு முன் ஒன்பது, பின் ஐந்து. அந்த ஐந்தில் 'சிவகாமி' அவர் இறந்த பிறகு 1960-இல் வந்தது. 'புதுவாழ்வு' படத்தை அவரே டைரக்ட் செய்தார். முன் ஒன்பதிலிருந்து பத்துப் பாட்டுக்குக் குறையாமல் சொல்கிற ரசிகரிடம், பின் ஐந்திலிருந்து ஒரு பாட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிவார். கேட்காமலே 'குரல் போய்விட்டது' என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். அப்பீல்கூட இல்லாத தீர்ப்பு!

நம் ஊர் மேல் ஒரு பேச்சு

பொள்ளாச்சிக் கச்சேரியைப் பற்றி இன்னொரு பேச்சும் உண்டு. நீரிழிவுக்கு மருந்து என்று அங்கே யாரோ கொடுத்ததைப் பாகவதர் வாங்கிச் சாப்பிட்டார், அதிலிருந்துதான் உடம்பு கெட்டது என்பார்கள். அப்புச்சி வயதுக்காரர்கள் இதைச் சொல்லும்போது தங்கள் வீட்டு விருந்தில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது போலக் கூசுகிறார்கள். கொங்கு நாட்டில் விருந்தாளிக்கு ஒரு குறை என்றால் மூன்று தலைமுறைக்கு மறக்க மாட்டார்கள்.

நீரிழிவு அவரை அதற்கு முன்பே பல காலமாக அரித்துக்கொண்டிருந்தது. கண் பார்வையைத் தின்றது அந்த வியாதிதான். ஆகவே அந்தக் கூச்சத்துக்கு அவசியமில்லை. அதற்குப் பதிலாகப் பொள்ளாச்சிக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. சினிமா உலகம் அவரைத் திரும்பிப் பார்க்காத அந்த ஆண்டில், வண்டி கட்டிக்கொண்டு கட்டுச்சோற்றோடு வந்து, மங்களம் வரை உட்கார்ந்து கேட்ட குடியானவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பாகவதர் விழவில்லை. நோயாளியாக வந்தார், பாடகராகப் பாடினார், பாடகராகவே திரும்பிப் போனார்.

இப்போது என்ன செய்யலாம்?

திருச்சியில் பாகவதருக்கு மணிமண்டபம் கட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் இறந்தவருக்கு மண்டபம் கட்டுவது அரசாங்கத்தின் வேலை. இருப்பவரை உட்கார்ந்து கேட்பது நம் வேலை.

நம் ஊர்க் கோயில் திருவிழாக்களைப் பாருங்கள். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த பாடகர் மேடையில் ஏறுகிறார். வயதாகிவிட்டது. மேல் பஞ்சமம் எட்டவில்லை. உடனே முன்வரிசையிலேயே கைப்பேசிகள் உயர்கின்றன. தடுமாறிய அந்த ஒரு விநாடியைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பி, 'என்ன ஆயிற்று இவருக்கு?' என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். குடித்தார், கடன்பட்டார், கேஸில் மாட்டினார் என்ற வதந்திகள் பின்னாலேயே வருகின்றன. 'இந்து நேசன்' நின்று எண்பது வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அதை நடத்துகிறவர்கள் இப்போது நாம் எல்லோருமே! ஆளுக்கொரு 'இந்து நேசன்' சட்டைப் பையில் இருக்கிறது.

கலைஞன் தவறு செய்தால் சட்டம் கேட்கட்டும். அவன் பாடும்போது நாம் கேட்போம். தாளம் தப்பினால் விமர்சிப்போம். அது ரசிகனின் உரிமை. ஆனால் அவனுடைய கஷ்டத்தை வேடிக்கை பார்ப்பதற்காகவே டிக்கெட் வாங்குவதும், பாதியில் எழுந்து போய்விட்டுக் கதையை மட்டும் ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பதும் ரசனையில் சேராது.

சென்ற மாதம் அப்புச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். என் கைப்பேசியில் 'ஹரிதாஸ்' பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பாட்டை நிறுத்தக் கையைக் கொண்டு போனேன்.

"இருக்கட்டும் கண்ணு, அவிய பாடி முடிக்கட்டும்" என்றார் அப்புச்சி.

அழைப்பு அடித்து ஓய்ந்தது. பாட்டை முதலிலிருந்து மறுபடியும் போட்டேன். இருவரும் முடிவு வரை கேட்டோம்.